ஸாம்ப்பில் அப்பாச்சி ஓட மறுக்கிறது. ஓடியபிறகு தமிழ் எல்லாம் கேள்விக்குறி

பதிவு 1 | கீழத்தெரு படிப்பகம் | ஞாயிறு இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஏறக்குறைய 2,400 புத்தகங்கள் இருக்கின்றன. இதுவரை எல்லாம் நீள நோட்டில்தான் பதிவு. ஒரு புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று தேட அரைமணி நேரம் ஆகிறது. நன்கொடையாக ஒரு பழைய லேப்டாப் கிடைத்தது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். பிளஸ் டூ படிக்கும் இரண்டு பிள்ளைகளும் நானும் சேர்ந்து பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய புத்தகப் பட்டியல் தளம் எழுதிவருகிறோம். முதலில் இந்த லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியானபிறகு இணையத்தில் ஏற்றலாம் என்பது எண்ணம்.

அப்பாச்சி என்ற வலை சர்வர், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ், பிஎச்பி மூன்றும் சேர்ந்த ஸாம்ப் தொகுப்பை நிறுவினேன். அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் மைஎஸ்க்யூஎல் பச்சையாகிறது. அப்பாச்சிக்கு எதிரே ஸ்டார்ட்டை அழுத்தினால் ஒரு நொடி நிறம் மாறுகிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. மூன்று முறை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். பலன் இல்லை. பிரவுசரில், இதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியை அடித்தால் நீல நிறத்தில் ஏதோ ஒரு பக்கம் வருகிறது. கணினிக் கடையில் கேட்டேன். விண்டோஸையே மாற்றிப் போட வேண்டும், 800 ரூபாய் ஆகும் என்றார்கள். அது எங்கள் ஒரு மாதப் பத்திரிகைச் செலவு. வேறு வழி இருக்கிறதா?

பதிவு 2 | ஆய்வகம்12 | ஞாயிறு இரவு 9:40

அந்த 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நான்காவது முறை நிறுவவும் வேண்டாம். கட்டுப்பாட்டுப் பலகையின் அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அப்பாச்சி நிற்கும்போது அதில் சிவப்பு எழுத்தில் சில வரிகள் வந்திருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து இங்கே சொல்லுங்கள். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் ஆண்டுக்கு 60 மாணவர்களுக்கு இதை நிறுவிக் கொடுக்கிறேன். அந்தப் பெட்டியைப் படிக்காமல் எதையும் தொடக் கூடாது என்பதுதான் நான் முதல் நாள் சொல்லித்தரும் பாடம்.

பதிவு 3 | கீழத்தெரு படிப்பகம் | ஞாயிறு இரவு 9:58

நன்றி அம்மா. அந்தப் பெட்டியை இதுவரை நான் பார்க்கவே இல்லை. "போர்ட் 80 இன் யூஸ் பை, அன்ஏபிள் டு ஓப்பன் பிராசஸ், வித் பிஐடி 4" என்று இருக்கிறது.

பதிவு 4 | ஆய்வகம்12 | ஞாயிறு இரவு 10:31

பிஐடி என்பது ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் விண்டோஸ் கொடுக்கும் எண். பிஐடி 4 என்றதும் பாதி விடை கிடைத்துவிட்டது. நீங்கள் சொன்ன நீலப் பக்கம் மீதிப் பாதி.

சர்வர் என்றால் குளிரூட்டிய அறையில் இரைந்துகொண்டிருக்கும் பெரிய பெட்டி என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். போர்ட் என்னும் எண்ணிட்ட வாசல் ஒன்றில் காதுகொடுத்துக் காத்திருக்கும் நிரலுக்குத்தான் அந்தப் பெயர். 1990இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ ஓட்டிய உலகின் முதல் வலை சர்வரே அவருடைய மேசையில் இருந்த ஒரு நெக்ஸ்ட் கணினிதான். 'இது ஒரு சர்வர், அணைத்துவிடாதீர்கள்' என்று சிவப்பு மையில் ஆங்கிலத்தில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். உங்கள் லேப்டாப் செய்யப்போவதும் அதே வேலை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு போர்ட்டில் ஒரு நிரல்தான் காத்திருக்க முடியும். சாதாரண வலைப்பக்கத்துக்கு 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443 என்பது வழக்கம். உங்கள் கணினியில் 80இல் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பிஐடி 4 என்பது விண்டோஸின் 'சிஸ்டம்' என்னும் அடிப்படைச் செயல். அதன் வழியாகக் காத்திருப்பது மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வலை சர்வரான ஐஐஎஸ். அந்த நீலப் பக்கம் அதன் வரவேற்புப் பக்கம். லேப்டாப்பை முன்பு வைத்திருந்தவர் ஏதோ தேவைக்காக அதை இயக்கிவைத்திருக்கிறார். ஸாம்ப்பை எத்தனை முறை நிறுவினாலும் இது மாறாது, ஏனென்றால் பிழை ஸாம்ப்பில் இல்லை.

விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்' என்பதை நிறுத்துங்கள். தொடக்க முறையை மேனுவல் என்று மாற்றுங்கள். பிறகு அப்பாச்சியை ஓட்டிப் பாருங்கள். அதை நிறுத்தத் தயக்கமாக இருந்தால் அப்பாச்சியை வேறு போர்ட்டுக்கு மாற்றிவிடலாம். பலகையில் அப்பாச்சிக்கு எதிரே உள்ள கான்ஃபிக் பொத்தானை அழுத்தினால் எச்டிடிபிடி காண்ஃப் கோப்பு திறக்கும். அதில் 'லிசன் 80' என்ற வரியை 'லிசன் 8080' ஆக்குங்கள். சற்றுக் கீழே 'சர்வர்நேம்' வரியிலும் 80 இருக்கும், அதையும் மாற்றுங்கள். அதன்பின் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பிறகு முக்காற்புள்ளி இட்டு 8080 என்று சேர்த்து அடிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சில வீடியோக்களில் 'எச்டிடிபி' என்ற அடிப்படைச் சேவையையே முடக்கிவிடச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். விண்டோஸில் பிரிண்டருக்கான ஸ்பூலர் சேவை அதை நம்பித்தான் இருக்கிறது. போர்ட் 80 கிடைக்கும், அச்செடுக்க முடியாமல் போய்விடும்.

பதிவு 5 | ஒற்றைப்பனை | ஞாயிறு இரவு 11:15

4 ஜிபி ராம் லேப்டாப்பில் விண்டோஸ் 10 எதற்கு? டெபியன் அல்லது லுபுண்டு என்ற லினக்ஸ் போடுங்கள். அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி, பிஎச்பி மூன்றையும் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். நாளை நீங்கள் தளத்தை ஏற்றப்போகும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணினியும் பெரும்பாலும் லினக்ஸாகத்தான் இருக்கும். வீட்டில் ஒரு சூழல், வெளியில் வேறு சூழல் என்று வைத்துக்கொண்டால் பின்னால் அடிபடுவீர்கள். நான் அடிபட்டிருக்கிறேன். விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸில் இரண்டும் வெவ்வேறு. என் லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த 140 படங்கள் தளத்தில் ஏற்றிய அன்று ஒன்றுகூடத் தெரியவில்லை. கேமரா வைத்த பெயரின் கடைசியில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்தது, நான் நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

படிப்பகத்துக்கு என்றே கோஹா இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 தொடக்கத்திலிருந்து ஓடும் கட்டற்ற மென்பொருள். அதையும் பாருங்கள்.

பதிவு 6 | ஆய்வகம்12 | திங்கள் காலை 6:20

கோப்புப் பெயர் பற்றி ஒற்றைப்பனை சொன்னதை நானும் வழிமொழிகிறேன். இன்றே எல்லாக் கோப்புப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுங்கள், இடைவெளி விடாதீர்கள். ஆனால் இயங்குதளத்தை இப்போது மாற்றச் சொல்வதை ஏற்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது விண்டோஸ். ஒரே நேரத்தில் இரண்டு புதிய விஷயங்களைக் கொடுத்தால் எது எதனால் கெட்டது என்று அவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. கோஹா முழுமையான நூலக மென்பொருள், மறுக்கவில்லை. இவர்களோ தாங்களே எழுதிப் பழக வேண்டும் என்று இறங்கியிருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பதிவு 7 | புதுமழை | திங்கள் காலை 8:05

ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம். எச்டிஎம்எல் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தாலே பிரவுசரில் திறக்கிறதே. இந்த அப்பாச்சி எல்லாம் எதற்கு? நான் இதுவரை அப்படித்தான் பழகி வருகிறேன்.

பதிவு 8 | இரவுப்பணி | திங்கள் காலை 8:50

நல்ல கேள்வி. இரட்டைக் கிளிக் செய்தால் பிரவுசர் வட்டிலிருந்து கோப்பை நேராக எடுத்துக் காட்டுகிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்ற அளவில் இருக்கும்வரை குறையே தெரியாது. பிஎச்பி கோப்பை அப்படித் திறந்தால் உங்கள் நிரல்தான் அப்படியே தெரியும், அல்லது கோப்பு டவுன்லோடு ஆகிவிடும். அதை ஓட்டி விடையை மட்டும் அனுப்ப ஒருவர் நடுவில் வேண்டும். அந்த நடு ஆள்தான் சர்வர். ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் எழுதுகிறவர்களும் ஒரு கட்டத்தில் இதே சுவரில் முட்டுவார்கள். மாட்யூல்களாகப் பிரித்து எழுதினாலோ, ஃபெட்ச் மூலம் பக்கத்துக் கோப்பை எடுக்க முயன்றாலோ, வட்டிலிருந்து நேராகத் திறந்த பக்கத்துக்குப் பிரவுசர் அனுமதி மறுத்துவிடும்.

உங்களுக்கு அப்பாச்சிகூட வேண்டாம். பைத்தான் இருந்தால் அதற்குள்ளேயே ஒரு சிறிய எச்டிடிபி சர்வர் இருக்கிறது, ஒரு வரிக் கட்டளையில் போர்ட் 8000இல் ஓடும். பிஎச்பிக்குள்ளும் 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து அப்படி ஒன்று இருக்கிறது. பழகுவதற்கு அதுவே போதும், வெளி உலகுக்குத் திறந்துவைக்க அவை எழுதப்படவில்லை.

பதிவு 9 | கீழத்தெரு படிப்பகம் | செவ்வாய் இரவு 8:44

ஐஐஎஸ்ஸை நிறுத்தினேன். அப்பாச்சி பச்சையாகிவிட்டது! பிள்ளைகள் கைதட்டினார்கள். டேட்டாபேஸ் உருவாக்கி, நேற்றும் இன்றுமாக உட்கார்ந்து 312 புத்தகங்களை உள்ளிட்டார்கள். இன்று மாலை பட்டியல் பக்கத்தைத் திறந்தோம். எண்கள் சரியாக இருக்கின்றன. தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பிள்ளைகள் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்தின் தலையில், தமிழும் அடங்கும் எழுத்துக் குறியீட்டு முறையான யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத்தான் இருக்கிறோம். என்ன தவறு?

பதிவு 10 | ஆய்வகம்12 | செவ்வாய் இரவு 9:02

ஒன்றையும் மாற்றாமல், டேட்டாபேஸைப் பிரவுசரிலேயே காட்டும் பிஎச்பி மைஅட்மினில் அந்த டேபிளைத் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதானா? அல்லது தலையில் கோடும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகிறதா? இது மிக முக்கியம். டேபிளை உருவாக்கிய கட்டளை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள்.

பதிவு 11 | கீழத்தெரு படிப்பகம் | செவ்வாய் இரவு 9:15

அங்கேயும் வெறும் கேள்விக்குறிதான். கட்டளையை ஒரு பழைய பாடத்திலிருந்து எடுத்தோம். அதன் கடைசியில் 'டீஃபால்ட் சார்செட் லத்தீன்1' என்று இருக்கிறது.

பதிவு 12 | ஆய்வகம்12 | செவ்வாய் இரவு 10:10

மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த 312 புத்தகங்களின் எழுத்துகள் திரும்ப வராது. மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது, இல்லாவிட்டால் மீட்கிறேன் என்று நான்கு நாள் வீணாக்குவீர்கள்.

லத்தீன்1 என்பது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான கேரக்டர் செட், அதாவது எழுத்துத் தொகுதி. ஓர் எழுத்துக்கு ஒரு பைட், ஆக மொத்தம் 256 இடங்கள். தமிழுக்கு அதில் இடமே கிடையாது. யூடிஎஃப்-8இல் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'நூலகம்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் ந, ஊகாரக் குறி, ல, க, ம, புள்ளி என்று 6 குறிகள். வட்டில் 18 பைட். உங்கள் இணைப்பு தமிழைச் சரியாகத்தான் கொண்டுபோனது. வாங்கிவைக்கும் டேபிளுக்கு இந்த எழுத்தைத் தெரியாது. தெரியாத ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. வட்டில் இப்போது உண்மையிலேயே கேள்விக்குறியின் பைட்தான் இருக்கிறது. அதற்குள் ஒளிந்திருக்கும் தமிழ் என்று ஏதும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பிழை என்று நிறுத்தியிருக்க வேண்டிய டேட்டாபேஸ் பேசாமல் 312 முறை தலையாட்டியிருக்கிறது. காரணம், கண்டிப்பு நிலை அணைந்திருப்பது. மைஎஸ்க்யூஎல்லுக்கு எதிரே உள்ள கான்ஃபிக்கில் மை.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து 'எஸ்க்யூஎல் மோட்' வரியைப் பாருங்கள். 'ஸ்ட்ரிக்ட் டிரான்ஸ் டேபிள்ஸ்' என்பது அதில் இல்லாவிட்டால் சேருங்கள். அது இருந்திருந்தால் முதல் புத்தகத்திலேயே 'இன்கரெக்ட் ஸ்டிரிங் வேல்யூ' என்று நின்றிருக்கும். பிள்ளைகளின் இரண்டு நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும்.

டேபிளை அழித்துவிட்டு யூடிஎஃப்8எம்பி4 என்ற கேரக்டர் செட்டில் புதிதாக உருவாக்குங்கள். வெறும் யூடிஎஃப்8 வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயர் ஓர் எழுத்துக்கு 3 பைட்வரைதான் இடம் தருகிறது. நம் நெடுங்கணக்கு அதற்குள் அடங்கிவிடும். ஆனால் முந்திரி, காணி, மா போன்ற தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12இல் சேர்க்கப்பட்டபோது 4 பைட் தேவைப்படும் இடத்தில்தான் வைக்கப்பட்டன. பழைய கணக்கு நூல்களின் தலைப்பு உங்களிடம் வரலாம். பிஎச்பியில் இணைப்பைத் திறந்தவுடன் அதற்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லிவிடுங்கள். டேபிள், இணைப்பு, பக்கம் மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு அமைப்பே 2018இல் 8.0 வரும்வரை லத்தீன்1தான். பழைய பாடங்களில் அது இருப்பதில் வியப்பில்லை. உங்கள் தவறு என்று வருந்த வேண்டாம்.

பதிவு 13 | ஒற்றைப்பனை | செவ்வாய் இரவு 10:48

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. தொப்பி வைத்த எழுத்துகளாகத் தெரிந்தால் நம்பிக்கை உண்டு. அங்கே டேபிளும் லத்தீன்1, இணைப்பும் லத்தீன்1. இரண்டும் ஒரே பொய்யைச் சொன்னதால் தமிழின் 3 பைட்டுகளும் சேதமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கின்றன, மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகள் என்ற பெயரில். டேபிளில் அந்த எழுத்துகள் இருக்கும் பத்தியை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றினால் தமிழ் திரும்பிவிடும். நேராக மாற்றினால் பொய் நிரந்தரமாகிவிடும், கவனம். எங்கள் தெருக் கூட்டுறவுச் சங்கத்தின் 6 ஆண்டுக் கணக்கை இப்படித்தான் மீட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, மகிழ்ச்சியில்.

பதிவு 14 | கீழத்தெரு படிப்பகம் | சனி மாலை 5:30

சொன்னபடியே செய்தோம். கண்டிப்பு நிலையையும் சேர்த்தோம். முதல் புத்தகத்தை உள்ளிட்டுவிட்டு, பத்து முறை பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்த பிறகுதான் இரண்டாவதை உள்ளிட்டார்கள். இப்போது 190 முடிந்திருக்கிறது. தமிழ் தெளிவாக நிற்கிறது.

இதற்கிடையே பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் பட்டைக்கோட்டைப் போன் கேமராவில் காட்டினால் எண் தானாக விழ வேண்டும். அதற்கான ஜாவாஸ்கிரிப்ட்டை எழுதிவிட்டார்கள். லேப்டாப்பின் கேமராவில் வேலை செய்கிறது. போனில் 192.168 என்று தொடங்கும் லேப்டாப்பின் முகவரியை அடித்தால், முதலில் பக்கமே வரவில்லை. விண்டோஸில் எங்கள் வைஃபையைப் பிரைவேட் நெட்வொர்க் என்று மாற்றி, ஃபயர்வாலில் அப்பாச்சிக்கு அனுமதி கொடுத்தபிறகு வந்தது. ஆனால் கேமரா மட்டும் திறக்கவில்லை. அனுமதி கேட்கும் பெட்டிகூட வரவில்லை. அதே பக்கம், அதே நிரல்.

பதிவு 15 | இரவுப்பணி | சனி இரவு 7:05

உங்கள் நிரலில் குறை இல்லை. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றைப் பாதுகாப்பான சூழலில் இருக்கும் பக்கத்துக்கு மட்டுமே பிரவுசர் தரும். எச்டிடிபிஎஸ் என்றால் பாதுகாப்பானது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் 127 என்று தொடங்கும் அந்த முகவரிக்கு அனுப்பும் செய்தி கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. 192.168 முகவரி அப்படி அல்ல. வைஃபையில் இருக்கும் வேறு யாரும் இடையில் புக முடியும். ஆகவே லேப்டாப்பில் கேமரா திறந்தது, போனில் திறக்கவில்லை.

ஆண்ட்ராய்டு போன் என்றால் எளிய வழி இருக்கிறது. போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். கேபிளில் லேப்டாப்புடன் இணையுங்கள். லேப்டாப்பின் குரோமில் இன்ஸ்பெக்ட் பக்கத்துக்குப் போனால் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று இருக்கும். போனின் 8080ஐ லேப்டாப்பின் லோக்கல்ஹோஸ்ட் 80க்குத் திருப்புங்கள். அதன்பிறகு போனின் குரோமில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று அடித்தால், போனுக்கு அது தன் சொந்த வீடு. கேமரா திறக்கும். கேபிள் இல்லாமல் வேண்டுமென்றால் எம்கே-செர்ட் என்ற கருவியால் உங்கள் கணினிக்கு மட்டுமான சான்றிதழ் ஒன்றை உருவாக்கி, அப்பாச்சியில் எச்டிடிபிஎஸ்ஸை இயக்கி, அதன் மூலச் சான்றிதழைப் போனிலும் நிறுவ வேண்டும். அந்த மூலச் சான்றிதழின் திறவுகோல் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஐஎஸ்பிஎன் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 2007 ஜனவரி முதல் 13 இலக்கம், அதற்கு முன் 10 இலக்கம். இந்திய நூல்களில் 978க்குப் பிறகு 81 அல்லது 93 வரும். உங்களிடம் இருக்கும் 1960களின் நூல்களுக்கு எண்ணே இருக்காது. ஆகவே டேபிளில் ஐஎஸ்பிஎன் பத்தியைக் கட்டாயமாக்காதீர்கள், முதன்மைச் சாவியாகவும் வைக்காதீர்கள்.

பதிவு 16 | கீழத்தெரு படிப்பகம் | ஞாயிறு மதியம் 12:20

கேபிள் வழி பலித்தது. பின்னட்டையைக் காட்டியதும் 13 எண்களும் பெட்டியில் விழுந்ததைப் பார்த்து, பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

ஒரு கேள்வி. தளம் இவ்வளவு நன்றாக ஓடும்போது ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டுவானேன்? ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டால் இந்த லேப்டாப்பையே ஊரார் வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று ஒரு தம்பி சொல்கிறார்.

பதிவு 17 | இரவுப்பணி | ஞாயிறு மதியம் 1:10

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். என் பிழைப்பே சர்வர்களைக் காவல் காப்பதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஸாம்ப் என்பது பழகுவதற்காகவே எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துத் தரப்படும் தொகுப்பு. டேட்டாபேஸில் முழு அதிகாரம் உள்ள ரூட் என்ற பயனருக்குக் கடவுச்சொல்லே கிடையாது. அதை உருவாக்குகிறவர்களே இது பொதுமக்களுக்குத் திறந்துவிடும் தளத்துக்கானது இல்லை என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூனில் விண்டோஸில் ஓடும் பிஎச்பியில் ஒரு துளை வெளிப்பட்டது. விண்டோஸ் சில எழுத்துகளை அவற்றைப் போலவே இருக்கும் வேறு எழுத்துகளாக மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பயன்படுத்தி, தொலைவிலிருந்தே கணினியில் கட்டளை ஓட்டிவிடலாம். சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள கணினிகளில் அது செய்து காட்டப்பட்டது. ஸாம்ப்பின் இயல்பு அமைப்பே அந்தத் துளைக்கு இடம் கொடுத்தது. பிஎச்பி 8.3.8, 8.2.20, 8.1.29 பதிப்புகளில்தான் அது அடைக்கப்பட்டது. உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள், பழையதென்றால் புதுப்பியுங்கள்.

யாருக்கு நம் ஊர்ப் படிப்பகத்தைத் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஆள் தேடி வருவதில்லை. இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் டேபிளில் ஊராரின் பெயரும் போன் எண்ணும் இருக்கும். அது உங்கள் பொறுப்பில் இருக்கும் பொருள்.

லேப்டாப்பில் எழுதுங்கள், சோதியுங்கள், படிப்பகத்துக்குள் வைஃபையில் பயன்படுத்துங்கள். ஊருக்குக் காட்ட ஒரு சிறிய ஹோஸ்டிங் வாங்கி, புத்தகப் பட்டியலை மட்டும் அங்கே ஏற்றுங்கள். யார் எதை எடுத்தார் என்ற விவரம் லேப்டாப்பிலேயே இருக்கட்டும்.

பதிவு 18 | கீழத்தெரு படிப்பகம் | புதன் இரவு 7:50

ரூட்டர் யோசனையைக் கைவிட்டோம். ரூட்டுக்குக் கடவுச்சொல்லும் வைத்துவிட்டோம். இப்போது எழுதுவது வேறு ஒன்றுக்காக. கை நடுங்குகிறது.

மாலை மின்சாரம் போனது. லேப்டாப்பின் பேட்டரி பழையது, உடனே அணைந்துவிட்டது. மீண்டும் தொடங்கினால் 'மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்று வருகிறது. உள்ளே 1,140 புத்தகங்கள் இருக்கின்றன. இணையத்தில் தேடினேன். டேட்டா ஃபோல்டரில் உள்ள ஐபிடேட்டா1 கோப்பை அழித்தால் சரியாகும் என்று பலர் சொல்கிறார்கள். நீங்கள் முதலில் சொன்னது நினைவுக்கு வந்ததால் இன்னும் எதையும் தொடவில்லை.

பதிவு 19 | ஆய்வகம்12 | புதன் இரவு 7:58

தொடாமல் இருந்தீர்களே, நன்றி! ஐபிடேட்டா1ஐ அழித்தால் டேபிள்களின் பெயர் மட்டும் மிஞ்சும், உள்ளே போக முடியாது. உங்கள் 1,140 புத்தகங்களுக்குள் போகும் வழியே அந்தக் கோப்புதான்.

முதலில் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். பிறகு மைஎஸ்க்யூஎல் வரிசையில் உள்ள லாக்ஸ் பொத்தானை அழுத்தி எரர் லாக்கைத் திறந்து, கடைசி இருபது வரிகளைப் படியுங்கள்.

பதிவு 20 | கீழத்தெரு படிப்பகம் | புதன் இரவு 8:21

நகலெடுத்துவிட்டேன். கடைசியில் 'ஆரியா ரெகவரி ஃபெயில்டு' என்று இருக்கிறது. அதே வரியில், ஆரியா டேபிள்களுக்கு 'ஆரியா செக்' ஓட்டுங்கள், ஆரியா லாக் என்று தொடங்கும் கோப்புகளை அழித்துவிடுங்கள் என்றும் சொல்கிறது.

பதிவு 21 | ஆய்வகம்12 | புதன் இரவு 8:34

மருந்தை அதுவே எழுதிவைத்திருக்கிறது. ஸாம்ப்பில் மைஎஸ்க்யூஎல் என்று பெயர் காட்டினாலும் 2015 முதல் உள்ளே இருப்பது மரியாடிபி. அது தன் சொந்த நிர்வாக டேபிள்களை ஆரியா என்ற எஞ்சினில், அதாவது சேமிப்பு முறையில், வைக்கிறது. உங்கள் புத்தகங்கள் இன்னோடிபி எஞ்சினில் இருக்கின்றன. மின்சாரம் போனபோது அடிபட்டது ஆரியாவின் குறிப்பேடு. புத்தகங்கள் அல்ல.

டேட்டா ஃபோல்டரில் 'ஆரியா லாக்', ஒரு புள்ளி, அதன்பின் எட்டு இலக்கங்கள் என்ற பெயரில் இருக்கும் கோப்புகளை அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். வேறு எதையும் நகர்த்த வேண்டாம். பிறகு ஸ்டார்ட். எழுந்துகொள்ளாவிட்டால் கட்டளைத் திரையில் ஆரியா செக்கை ஓட்டலாம், அதை அப்போது சொல்கிறேன்.

பதிவு 22 | கீழத்தெரு படிப்பகம் | புதன் இரவு 8:47

பச்சையாகிவிட்டது. 1,140உம் இருக்கின்றன. கடைசியாக உள்ளிட்ட புத்தகம்வரை இருக்கிறது. அம்மா, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பதிவு 23 | ஆய்வகம்12 | புதன் இரவு 9:05

இன்று இரவே எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டுப் படுங்கள். டேட்டா ஃபோல்டரை நகலெடுப்பது அவசரத்துக்குத்தான். பிஎச்பி மைஅட்மினில் எக்ஸ்போர்ட்டை அழுத்தினால் ஒரு எஸ்க்யூஎல் கோப்பு வரும். அது வெறும் எழுத்துக் கோப்பு, வேறு கணினியிலும் பெரும்பாலும் வேறு பதிப்பிலும் திரும்ப ஏற்றலாம். நாளை ஹோஸ்டிங்கில் ஏற்றப்போவதும் அதைத்தான். எடுத்ததும் நோட்பேடில் திறந்து, கண்ணால் தமிழைப் படித்துப் பாருங்கள். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள்.

பதிவு 24 | ஒற்றைப்பனை | புதன் இரவு 9:30

அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றும்போது அளவு தடுக்கலாம். பிஎச்பியின் இயல்பில் ஏற்றும் கோப்பின் வரம்பு 2 எம்பி, படிவம் முழுவதற்கும் 8 எம்பி. உங்கள் பட்டியல் வளர்ந்ததும் பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் இரண்டையும் உயர்த்தி, அப்பாச்சியை நிறுத்தித் தொடங்குங்கள். அதே கோப்பில் 'இன்டில்' நீட்சிக்கு முன்னால் உள்ள அரைப்புள்ளியையும் எடுத்துவிடுங்கள். யூனிகோட் எண்வரிசையில் ன, ந-வுக்கு அடுத்தும் ற, ர-வுக்கு அடுத்தும் இருக்கின்றன. அந்த நீட்சியில் உள்ள கொலேட்டர் என்ற வரிசைப்படுத்தும் கருவிக்குத் தமிழ் என்று கொடுத்தால் தலைப்புகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் வரும். புத்தகப் பட்டியலுக்கு அது வேண்டும்.

பதிவு 25 | கீழத்தெரு படிப்பகம் | புதன் இரவு 10:12

எக்ஸ்போர்ட் எடுத்தேன், 410 கேபி. நோட்பேடில் திறந்தேன், தமிழ் படிக்க முடிகிறது. பென் டிரைவில் ஒரு பிரதி, பிள்ளைகளில் மூத்தவன் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி. இனி ஒவ்வொரு நாளும் கதவைப் பூட்டுவதற்கு முன் எக்ஸ்போர்ட் எடுப்பது அவன் பொறுப்பு என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறோம். வரிசைப்படுத்தும் வேலையை ஞாயிறு அன்று தொடங்குகிறோம்.